பின்னாலிருந்து மழை

ஆம்ப்ளிஃபயர் வந்த அன்று ஓலுவில்
மைனஸ் இருபத்தாறு.
பார்சல் வண்டி முற்றத்துச் சரிவில் ஏற மறுத்துவிட்டது.
உதைசறுக்கு வண்டியில் பெட்டியை உட்காரவைத்து
மாமியாரை அழைத்துவருகிற மரியாதையோடு
தள்ளிக்கொண்டு வந்தான் ஒஸ்மோ.
இருபத்தொரு கிலோ.
மூன்றாவது படியில் கொஞ்சம் நின்றான்.
"வழுக்குது" என்றான்.

இருக்கிற ரிசீவர் போதாதா என்று நான் கேட்கவில்லை.
அவனே சொன்னான்:
அது ஏழு வாய்க்கும் ஒரே பானையில் கஞ்சி காய்ச்சுகிறதாம்,
முன்வரிசை மூவருக்கும் இனித் தனி அடுப்பாம்.

சோபாவைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் இழுத்தோம்.
அடியில் ஒற்றைக் கம்பளிக் காலுறை,
நாய் பதுக்கிய ரொட்டித் துண்டு,
எப்போதோ செல்லாமல் போன மார்க்கா நாணயம் ஒன்று.
சுவருக்கும் சோபாவுக்கும் நடுவே
வீட்டில் புதிதாய் ஒரு சந்து.
அதில் மண்டியிட்டு,
தூண்டிலுக்கு முடிச்சுப் போடும் அதே விரல்களால்
செப்பு இழைகளை முறுக்கி
பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு உயிர் கொடுத்தான்.

முதல் உயிர் வெறும் முனகல்.
ங்ங்ங் என்று, அடித்தொண்டையில்.
"ஆன்டெனா கேபிளைப் பிடுங்கு" என்றேன்.
நின்றது.
பத்தொன்பது வருஷமாய்ப் பேருந்துப் பணிமனையில்
எஞ்சின் மேல் இரும்புக் கம்பியை ஊன்றி
மறுமுனையைக் காதில் வைப்பவள் நான்.

அப்புறம் அளவெடுப்பு.
கட்டைவிரல் அளவு மைக்ரோஃபோன்,
கேமரா முக்காலி மேல்,
சோபாவில் என் இடத்தில், என் காது உயரத்தில்.
"இனிமே மூச்சு விடாதே, மர்யுத்"
என்று சிரித்தான்.

திரையில் எழுத்து வந்தது:
பின்னணி இரைச்சல் அதிகம்.

ஃபிரிட்ஜை அணைத்தோம்.
சுவர்க்கடிகாரத்தை சௌனாவுக்குள் வைத்துச் சாத்தினோம்.
நாய், எதிர்வீட்டு இர்மெலியிடம்.
காற்றுப்போக்கிக்குத் தலையணை.
வெளியே பனி வேறு,
தெருவையே துணியில் சுற்றி வைத்திருந்தது.

பின்னணி இரைச்சல் அதிகம்.

"மைக் பழுதோ" என்றான்.
நான் கண்ணை மூடினேன்,
பணிமனையில் மூடுகிற மாதிரி.

சோபாவுக்குப் பின்னால்.
தரையிலிருந்து இரண்டடி உயரம்.
வெளியே விடும்போது மட்டும், கடைசியில்,
மெல்லிய ஒரு விசில்.
சரியாய் உட்காராத வால்வு
போகிற காற்றைக் கிள்ளுகிற சத்தம்.
மறுபடி.
மறுபடி.

எத்தனை இரவு பக்கத்தில் படுத்திருக்கிறேன்.
ஃபிரிட்ஜும் நாயும் காற்றுப்போக்கியும் சேர்ந்து
அதை எனக்குத் தெரியாமல்
பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன.

"நாய் இர்மெலியைப் பாடாய்ப் படுத்தும்.
போய்ப் பார்த்துட்டு வா."

போனான்.
நான் சுவரோடு சாய்ந்து நின்றேன்.
ஏழு மூலையிலிருந்தும் ஒவ்வொன்றாய்
உய்ய்ப் என்று கூவி அளந்தது இயந்திரம்.
பின் இடது: இரண்டரை மீட்டர். சரி.
பின் வலது: சரி.
வூஃபர்: ஆறு மீட்டர்.
அறையே அவ்வளவு நீளமில்லை.
இருக்கட்டும், அதற்கு அப்படித் தோன்றியிருக்கிறது.

வாசலில் பூட்ஸைத் தட்டும் சத்தம்.
"எடுத்துக்கிச்சா?"
"எடுத்துக்கிச்சு."
"பார்த்தியா, நாயோட வேலைதான்."

ராத்திரி படம் போட்டான்.
துறைமுகம், ஒரு கொலை, யாரோ ஓடுகிறார்கள்.
திடீரென்று எங்கள் முதுகுக்குப் பின்னால்
மழை.
ஜனவரி மாதத்தில், ஓலுவில்,
தகரக் கூரை மேல் விழுகிற மழை.
நாய் எழுந்து சுவரைப் பார்த்துக் குரைத்தது.
ஒஸ்மோ திரையைப் பார்க்கவில்லை.
என் கழுத்து திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பினேன்.
மழைக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டான்.
அந்த முகத்தில் எவ்வளவு சந்தோஷம்.

ரிமோட்டை வாங்கிச் சத்தத்தைக் குறைத்தேன்.
இன்னும் குறைத்தேன்.
"பிடிக்கலையா?"
"பிடிச்சிருக்கு" என்றேன்.
"செவ்வாய்க்கிழமை காலையில
உனக்கு ஏதும் வேலை இருக்கா?"