பொன் கிடைத்தாலும்

நள்ளிரவில் என் வேலை இதுதான்:
ஆறு லிஃப்ட், ஆறு கம்பளம்.
நேற்றைச் சுருட்டித் தோளில் போட்டு
இன்றை விரித்துவிட்டுப் போவது.
கரை தெரியாத நாளில்
காலடியில்தான் கிழமை.

பெர்கன் விட்டு ஐஸ்லாந்து போகும் வழி.
கப்பல் ஆடியதில், தூக்கக் கலக்கத்தில்,
நாலாவது லிஃப்ட்டில்
செவ்வாயே கிடந்துவிட்டது.

யாரும் கேட்கவில்லை.
பிங்கோவுக்கு ஏறினார்கள், வாஃபிளுக்கு இறங்கினார்கள்.
ஜன்னலில் சாம்பல் நீர், சாம்பல் வானம்.
நடுவில் கோடு இருக்கிறதென்று
ஒரு டேனிஷ்காரர் மனைவியிடம் சாதித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நாலு மணிக்கு நினைவு வந்து
புதனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
உள்ளே ஒரு நார்வே அம்மாள்,
கையில் ஏழு அறை மாத்திரைப் பெட்டி.
புதன் அறை காலி.

"காலையிலேயே கவனித்தேன்," என்றாள்.
என் மார்பில் பெயர் படித்து,
"வில்மர், சொல்லிக்கொடுக்கவில்லை உன்னை.
ஆஸ்பத்திரியில் புதனன்று முடிவு சொல்வார்களாம்.
இங்கே சிக்னலும் இல்லை.
பன்னிரண்டாம் தளம் வரை
ஒரு தடவை போய் வருவோமா?"

கதவு மூடியது.
அவள் செவ்வாயின் மேல் நின்றாள்.
நான் ஓரமாய்,
புதனை நிமிர்த்திப் பிடித்தபடி.
ஏழாம் தளத்தில் யாரோ பொத்தானை அமுக்க,
"இடமில்லை," என்றாள்.