இடது பக்கம்

நான்கு நாளாய்ப் பேச்சில்லை.
தப்பு யார்மேல் என்று எனக்குத் தெரியும்.
அவருக்கும் தெரியும்.
பெயர்கள்தான் வேறு.

ஆனாலும் டார்ச்சை அவர்தான் பிடித்திருந்தார்,
எனக்கு வேண்டிய இடத்துக்கு
ஒரு சாண் தள்ளி.

மஞ்சக்குப்பத்தில், எங்கள் வீட்டு முன்னால்
இரண்டாயிரத்து இரண்டின் சான்ட்ரோ
ஜாக்கிமேல் ஒரு கால் தூக்கி நிற்கிறது.
கழற்றிய சக்கரத்தை அடியில் படுக்கப் போட்டிருக்கிறேன்,
எதையும் முழுசாய் நம்பாத பழக்கம்.

ஆறு மாதமாய் ஒவ்வொரு வேகத்தடையிலும்
'டொக்'.
ஒவ்வொரு டொக்குக்கும் அவர்
ரேடியோவைக் கூட்டி வைப்பார்.
எங்கள் வீட்டில் பல விஷயம் அப்படித்தான் ரிப்பேர் ஆகும்.

பால் ஜாயின்ட்டின் ரப்பர் கிழிந்து
கிரீஸ் இருந்த இடத்தில்
தேவனாம்பட்டினத்து மணல்.
விரலால் தொட்டாலே ஆடுகிறது
பால்பல் மாதிரி.

இதைப் பிடுங்க எவ்வளவு நேரம் என்றுதான் படுத்தேன்.

துருவில் காட்டர் பின் ஒடிந்தது.
நட்டு வந்தது.
ஜாயின்ட் வரவில்லை.
மண்ணெண்ணெய் ஊற்றினேன். சுத்தியல் எடுத்தேன்.
மாடியிலிருந்து ரெஜினா டீச்சர்,
"தணிகை, ஞாயித்துக்கிழமையுமா?"
சுத்தியல் என் கையில். திட்டு அவருக்கு.
அதில் கொஞ்சம் திருப்தி.

உள்ளே முழுக்கத் தேய்ந்து போயிருக்கிறது,
இருந்தும் விடமாட்டேன் என்கிறது.
புல்லரை மாட்டி இறுக்கினேன்.
இன்னும் கால் சுற்று.
இன்னும் அரைக்கால்.
அதற்குமேல் இரும்புக்கும் தெரியவில்லை, எனக்கும்.

"சோறு ஆறுது,"
சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மத்திக் குழம்பு. நகக்கண்ணில் கிரீஸ்.
இரண்டாம் முறை சோறு போடும்போது
வெளியே
டமார்.

குழம்புக் கையோடு இரண்டு பேரும் ஓடினோம்.
யாரும் தொடாமல் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.
நாங்கள் இறுக்கத்தை வைத்துவிட்டுப் போயிருந்தோம்;
அது தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டது.

லாரன்ஸ் ரோட்டில் வாங்கிய புதுசு
அசையவே இல்லை.
"புதுசு முறைக்கத்தான் செய்யும்," என்றார்.
டார்ச் இப்போது சரியான இடத்தில்.

சாயங்காலம் கெடிலம் பாலம் பக்கம்
ஓட்டிப் பார்த்தோம்.
வேகத்தடை வந்தது.
அவர் கை பழக்கத்தில் ரேடியோவுக்குப் போனது.
சத்தமே இல்லை.
அடுத்ததிலும் இல்லை.

மூன்றாவதில்,
வலது பக்கம்,
சின்னதாய் ஒரு 'டிக்'.

"கேட்டுச்சா?"
"கேட்டுச்சு."

ரேடியோவிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.