மிதிபடகு

விசைப்படகைக் கரையேற்றி, பெயிண்ட் அடித்து,
பலகை இடுக்கில் கலப்பத்துத் திணித்து முடித்து
மே மாதம் பாதி போனபின்
"கொடைக்கானல் போவமா?" என்றார் ஜெர்வாஸ்,
மீன் இல்லாத குழம்பைப் பார்த்தபடி.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம்.
சேர்ந்து போன ஊர்கள்
வேளாங்கண்ணி, ஓரியூர்,
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி.
தடைக்கால நிவாரணப் பணம்
வட்டிக்காரரைத் தாண்டி எப்படி வீட்டுக்குள் வந்தது
என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை.

வாடைக்காற்றில் ஒருநாளும் குமட்டாத மனிதர்
வத்தலக்குண்டு தாண்டியதும்
பாலித்தீன் பைக்குள் முகத்தைப் புதைத்தார்.
முதுகைத் தடவிக்கொடுத்தேன்.
இவ்வளவு அகலமா அது?
பகலில் பார்த்தால்தானே தெரியும்.

ஏரியில் மிதிபடகு, அரை மணிக்கு இவ்வளவு என்று பலகை.
"தண்ணிமேல போறதுக்கு நாம காசு குடுக்கணுமாக்கும்!"
சிரித்துக்கொண்டே கொடுத்தார்.
டிக்கெட் கிழிக்கிற பையன் ஆரஞ்சுச் சட்டையை நீட்டி
"நீச்சல் தெரியுமா சார்?" என்றான்.
ஜெர்வாஸ் என்னைப் பார்த்தார்.
"கொஞ்சம்" என்றார்.

சுக்கான் என் பக்கம் இருந்தது.
நான் திருப்பியதெல்லாம் தப்பு.
"கரைய விட்டு எடு, பிலோமி, கரைய விட்டு எடு!"
பின்னால் நாலு கூலியாள் நிற்பதுபோல் கத்தினார்.
பாசிக்குள் முட்டி நின்றோம்.
அங்கே வைத்துத்தான் கேட்டேன்,
கடலில் என்னை நினைப்பீங்களா என்று.

கொஞ்சநேரம் பாசியை விலக்கினார்.
"வலை வாங்கயில இல்ல.
விட்டுட்டு இழுத்துக்கிட்டுக் கெடப்பம் பாரு,
அந்த மூணு மணி நேரம்."

ராத்திரி லாட்ஜ் ஜன்னலை மேகம் வந்து அடைத்தது.
இரண்டு மணிக்கு எழுந்து நின்று
"ஒரு வெளிச்சமும் தெரியல" என்றார்.
இஞ்சின் சத்தம் இல்லாமல்
இந்த ஊர்க்காரர்கள் எப்படித்தான் தூங்குகிறார்களோ என்றார்.
எனக்கு வேறு சங்கடம்.
திங்கள் புதன் சனி, கட்டிலின் நடுவில் படுத்துப் பழகியவள்,
இரண்டுமுறை விழப் பார்த்தேன்.

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும்
கச்சான் முகத்தில் அறைந்தது.
சாக்லேட் ராமநாதபுரத்திலேயே உருகியிருந்தது,
பிள்ளைகள் காகிதத்தை நக்கினார்கள்.
குடத்துத் தண்ணீரில் எறும்பு.
கதவிடுக்கில் கரண்ட் பில்.
அறுநூறு ரூபாய் ஸ்வெட்டரை
தங்கச்சிமடத்தில் எந்த மாதம் போடுவது?
பெட்டிக்குள் பாச்சா உருண்டையோடு போனது.

நண்டுக் கம்பெனியில் மேஸ்திரி கேட்டார்:
"ஊட்டி எப்படி இருந்துச்சு?"
"கொடைக்கானல்."
"எல்லாம் ஒண்ணுதான், கைய ஓட்டு."
யூக்கலிப்டஸ் வாசம் விரலில் மூன்று நாள் இருந்தது.
நாலாம் நாள் நண்டு.

தடை முடிந்தது. டீசல், ஐஸ், டோக்கன், கடன்.
படகில் ஆரஞ்சுச் சட்டை ஆறு கிடக்கிறதே,
ஒன்றைப் போட்டால் என்ன என்றேன்.
"அது மிதிபடகுக்கு."
நான் சண்டை போடவில்லை.
போட்டேன், குழம்பில் உப்பைக் கூட்டி.

முதல் ராத்திரி போனை மார்பில் வைத்துப் படுத்தேன்.
அடிக்கவில்லை.
அடிக்காததுதான் நல்ல சேதி எங்கள் ஊரில்.

விடிந்து வந்தார், தலையில் மலையில் வாங்கிய குரங்குத் தொப்பி.
இறால் கொஞ்சம், மற்றதெல்லாம் சங்காயம்.
"சட்டை?" என்றேன்.
"தலைக்கு வச்சுக்கிட்டேன்" என்றார்.
அது எதற்கான பதில் என்று யோசிப்பதற்குள்
குறட்டை வந்துவிட்டது,
கட்டிலின் சரியாக ஒரு பாதியில்.

தொப்பியை வாளியில் அமுக்கினேன்.
கலங்கல் இறங்க, ஒரு செதில் மேலே வந்தது.
அந்த மூணு மணி நேரத்தைப் பற்றி
எழுப்பிக் கேட்கலாமா என்று நிற்கையில்
கம்பெனி வேன் ஹாரன் அடித்தது.