கீலுக்கு எண்ணெய்

சூப் கொதிக்கிறது.
மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், புதினா,
அடியில் நேற்றைய ரொட்டி.
தூய ஆவியார் திருநாளன்று ஊருக்கே ஊற்றுவதாக
பிப்ரவரியில் நேர்ந்துகொண்டேன்.
ஊர் என்றால் முப்பத்தொரு பேர்.
மலை எப்போதோ இடிந்து
அட்லாண்டிக்கில் சரிந்த துண்டு மண்ணில்
சேம்பும் ஆடும் பிடிவாதமுமாக இருக்கிறோம்.

நாலு நாள் மழை.
ஐந்தாம் இரவு சாலையை மலை விழுங்கிவிட்டது.
ஈரியாவின் வயிற்றுக்கு அந்த இரவுதானா கிடைத்தது?
வலப்பக்கம் தொட்டாலே அலறினாள். ஏழு வயது.
குடல்வாலாக இருக்கலாம், என்றது போன்.
ஹெலிகாப்டர் விடிந்தால்தான் வரும்,
அதுவும் மேட்டுக்கு மட்டும்,
உங்கள் பள்ளத்துக்குள் இறங்காது, அம்மா.
மேலே கொண்டுவந்து சேருங்கள்.

மேலே என்றால் அறுநூறு மீட்டர்.
புருஷன் டொரோன்டோவில். எடுக்கவில்லை.

அடுப்படியில் முழந்தாளிட்டேன்.
பூண்டுத்தோல் முட்டியில் ஒட்டியது.
அழகான ஜெபமெல்லாம் இல்லை, பேரம்.
கன்றுக்குட்டியை எடுத்துக்கொள்,
பிள்ளையை விட்டுவிடு.
இறக்கையுள்ள எதையாவது அனுப்பு.

கதவு தட்டும் சத்தம். திறந்தேன்.
வெளியே இன்னொரு கதவு நின்றது.
மழையில், நிமிர்ந்து, பச்சைச் சாயத்தோடு.
அதன் பின்னால் குவால்த்தேர்.

பதினொரு வருஷமாகப் பேச்சில்லை எங்களுக்குள்.
அவன் ஆடு, என் சேம்பு, ஒரு முழம் கல்சுவர்.
"பிள்ளையை இதில் படுக்க வை," என்றான்.
தன் வாசற்கதவைக் கீலோடு பெயர்த்து வந்திருந்தான்.
விடியும்வரை அவன் வீடு
வாயைத் திறந்து மழையைக் குடித்தது.

கழுதைகளே மறந்துபோன பாதை.
ஆறு பேர் தூக்க, வளைவுக்கு வளைவு ஆள் மாற்றினார்கள்.
எவரிஸ்தோவுக்கு முட்டி ஆபரேஷனாகி மூன்று வாரம்,
டார்ச் பிடித்தான்,
மழையை, மந்திரியை, தன் முட்டியை
மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டே.
ஆமென், ஆமென் என்று நான் சொல்லிக்கொண்டு வந்தது
அவன் வசவுகளுக்குத்தான் என்பது
பாதி மலையில்தான் உறைத்தது.

முன் முனையில் சுல்மீரா.
தோள் மாற்ற ஒப்பவேயில்லை.

அவள் மகனைப் பற்றிச் சொல்லவேண்டும்.
நேலியோ. விலாங்கு பிடிக்கப் பாறைக்குப் போனவன்.
ஒன்பது நாள் ஜெபித்தாள் சுல்மீரா,
என் ஜெபத்தைவிட நல்ல ஜெபம், மெழுகுவர்த்தியோடு.
கடல் ஒற்றை பூட்ஸைத் திருப்பித் தந்தது.

என் வேண்டுதல் கேட்கப்பட்டது என்று
வாயெடுக்கும்போதெல்லாம்
அவள் நனைந்த முதுகு கண்முன் ஏறுகிறது.
எனக்குக் கொடுத்த கைதானா அவளுக்கு விரித்துக் காட்டியது?
மனசு கேட்காமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.
கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.
"அந்த ஒன்பது நாளும்
தூக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.
இந்தமுறை இருந்தது," என்றாள்.

மேட்டில் பனிமூட்டம்.
விசிறிச் சத்தம் முதலில், அப்புறம் வெளிச்சம்.
யாரோ ஒரு நர்ஸ் என் காலைப் பார்த்தாள்,
தன் காலுறையைக் கழற்றி மாட்டிவிட்டாள்.
பேர் கேட்கத் தோன்றவில்லை.
பிறகு விசாரித்தால் அப்படி யாரும் வரவில்லை என்கிறார்கள்.
காலுறை என் பெட்டியில் இருக்கிறது,
சாம்பல் நிறம், குதிகாலில் ஓட்டை.

இன்று எல்லோரும் வந்து குடித்தார்கள்.
குவால்த்தேர் வரவில்லை.
சட்டியைத் துணியில் சுற்றி எடுத்துப்போனேன்,
மூடியை ஈரியா பிடித்தாள்.
பச்சைக் கதவு பழைய இடத்தில்.
கீழ்ப்பக்கம் நாலு கோடு, என் பிள்ளையின் நகம்.
வீட்டுக்கெல்லாம் புதுச் சாயம் அடித்தவன்
அந்த ஒரு சாண் இடத்தை விட்டிருந்தான்.

வழிநெடுக மனப்பாடம் செய்த பேச்சு
தொண்டையில் நின்றது.
ஒரு கரண்டி குடித்துப் பார்த்தான்.
"புதினா அதிகம்."
அப்புறம், கதவைப் பார்த்தபடி,
"கீல் கிறீச்சிடுகிறது. எண்ணெய் இருக்கிறதா உன்னிடம்?"

இருக்கிறது என்றேன்.
சுவரைச் சுற்றிப்போக நேரமில்லை, ஏறிக் குதித்தே ஓடினேன்.
எண்ணெயோடு திரும்பியபோது
வாசற்படியில் இரண்டு பேரும்,
சட்டி பாதி காலி.