அடிக்குறிப்பு

மஸ்ஜித் பந்தர், மூன்றாம் மாடி.
கீழே மிளகாய் மூட்டை இறக்குகிறார்கள்.
ஜன்னலைச் சாத்தியும் ஆபீஸ் முழுக்கத் தும்மல்.

கபாசியின் மெயிலில் சிவப்புக் குறி.
கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை.
பெரின் மேடம் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு
நின்றபடியே கேட்டார்:
அப்படியென்றால் அவர் எழுதவில்லை, இல்லையா?

இருக்கலாம் என்றேன்.
பார்க்கிறேன் என்று சொல்ல வந்தது
வாய் தவறிவிட்டது.

முதலில் கடிகாரம்.
கம்ப்யூட்டர் ஏதோ பழைய வருடத்தில் தூங்கினால்
நேற்றுப் போட்ட கையெழுத்து
இன்னும் பிறக்காததாகிவிடும்.
இல்லை, சரியாகப் பதினொன்று நாற்பது.
சான்றிதழுக்கு மார்ச் வரை ஆயுள்.
அதற்கு ஜாமீன் நின்றவர்,
அவருக்கு ஜாமீன் நின்றவர் என்று
ஏணி பிடித்து ஏறினேன்.
உச்சியில் இருப்பவரையும்
இந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

மிச்சம் ஒன்றுதான்:
கையொப்பமிட்ட பிறகு
யாரோ கடிதத்தைத் தொட்டிருக்கிறார்கள்.

யாரோ, என்றார் மேடம்.
அந்தச் சொல்லை விட மனமில்லாமல்
இன்னொரு தரம், யாரோ.

இருபத்திரண்டு வருடக் கூட்டு.
பிரிகிறேன் என்று கபாசி எழுதியது பதினான்கு வரி.
மூலத்தைத் திறந்து
எழுத்தெழுத்தாக இறங்கினேன்.
அவர் பெயருக்கும் கீழே
பச்சை நிறத்தில், குட்டி இலைப் படத்தோடு:
மரம் காப்போம்.
அச்சிடும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

போன மழைக்காலத்தில்
மேடம் கேட்டு நான் போட்டது.
நம் சர்வரைத் தாண்டும் எதற்கும்
இந்த வால் ஒட்டிக்கொள்ளும்.
ஒரு புள்ளி கூடினாலும் முத்திரை உடையும் என்பது
அன்றைக்கு, சயான் கோலிவாடாவுக்கு
ஆறு பத்து லோக்கலைப் பிடிக்கும் அவசரத்தில்,
எனக்குத் தோன்றவில்லை.

அவர் எழுதியதுதான் மேடம்.
வால் மட்டும் நம்முடையது.

யாரும் தொடாத பிரதி சர்வரில் கிடந்தது.
எடுத்துத் திறந்தேன்.
சிவப்பு இல்லை.

இலையை மறுபடி ஒட்டினால்?
சிவப்பு வரும்.
அப்போதும் அவர் எழுதியது?
எழுதியதுதான்.

பிரின்ட் எடு, என்றார்.
யோசிக்கச் சொல்லும் வரி
அந்தப் பிரதியில் இல்லை.
டோனர் தீர்கிற நேரம்.
பதினான்கு வரிகளும் வந்தன,
இடது ஓரம் மட்டும் வெளிறி.