என்கிற

முள்ளோடையில் பேருந்து நிற்கும்போது
எனக்கு எழுத்து மாறும்.
இந்தப் பக்கம் சாராயக்கடைகளின் விளக்கு வரிசை,
அந்தப் பக்கம் சோதனைச்சாவடியின் துருவேறிய தடுப்பு.
குப்பி தேடிப் பைகளைத் துழாவும் காவலருக்குத்
தெரிவதில்லை
நான் ஒரு 'யூ'வைக் கடத்திக்கொண்டு போவது.

புதுச்சேரி நகராட்சியில் என் பிறப்பை எழுதியவர்
பிரெஞ்சுக்காரனிடம் எழுதிப் பழகிய கை.
தையல்நாயகியின் கடைசிக் 'கி'க்கு
ஜி போட்டு, யூ போட்டு, ஐ போட்டார்.
அப்பா ஏகாம்பரம் என் பெயருக்குப் பின்னால்
முழுசாக நின்றார்.
கடலூரில் ஐந்தாவது சேர்த்தபோது
தலைமையாசிரியை அந்த யூவைப் பிழையென்று அடித்தார்.
அப்பாவை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி
முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தார்.

அதுமுதல் நாங்கள் இரண்டு பேர்.

கடலூரில் பாண்டிக்காரி என்பார்கள்.
கல்யாணமாகி முதலியார்பேட்டைக்கு வந்தால்
மாமியார் அடுப்படியிலிருந்து கேட்கிறார்:
"எங்க அந்தக் கடலூர்க்காரி?"
இருபத்திரண்டு கிலோமீட்டரில்
ஓர் ஊர்கூட என்னை உள்ளூர் என்றதில்லை.
அண்ணி என்றால் திரும்புவேன்,
ஓரகத்தி குரலுக்குத் திரும்புவேன்,
பேங்கில் கணவர் பெயரைக் கூப்பிட்டால்
எழுந்தே நிற்பேன்.
தையல்நாயகி என்று யாராவது சொன்னால்
சாமியைச் சொல்கிறார்கள் என்று
சும்மா இருந்துவிடுவேன்.

இன்று மஞ்சக்குப்பத்தில், நோட்டரி வக்கீலின் மேஜை முன்னால்.
அம்மா வழியில் வந்த கால் பங்கு வீட்டை
மாமாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும்.
விட்டுக்கொடுக்கவும்
முதலில் நான் நான்தான் என்று காட்ட வேண்டுமாம்.
தட்டச்சுக்காரர் வாசித்தார்:
'தையல்நாயகி என்கிற தையல்நாயகி.'
நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.
"தமிழ்ல ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

வக்கீல் மாமாவிடம் திரும்பினார்.
"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"
பாடலீஸ்வரன் என்கிற பாடலி,
அம்மாவின் கடைசித் தம்பி,
என்னைவிட ஏழே வயது மூத்தவர்,
பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார்.
எங்கள் முறையில் அந்தக் கேள்விக்கு
ஒரு காலத்தில் இரண்டு பதில்கள் இருந்தன,
வந்த தட்டை அப்பா திருப்பியனுப்பிய ஆவணி வரைக்கும்.
"அக்கா மக" என்றார்.
வக்கீல் எழுதிக்கொண்டார்.

ஆங்கிலத்தில் எப்படி என்று கேட்டார்கள்.
என் அட்டையை நான் துழாவி எடுப்பதற்குள்
மாமா சொல்லத் தொடங்கியிருந்தார்,
ஜன்னலில் நின்ற ஆட்டோவைப் பார்த்தபடி,
டி, ஏ, ஒய், ஏ, எல்,
ஒவ்வொன்றாக.
"ஜிக்கு அப்பறம் ஒரு யூ வரும் சார். விட்டுராதீங்க."
பத்தாவது தாண்டாத மனிதர்.

வாசலில் அத்தை நின்றிருந்தாள்.
என்னைவிட இரண்டு வயது இளையவள், முறைக்கு அத்தை.
ஒரு மஞ்சள் பையைக் கையில் திணித்தாள்.
"பரண் ஒழிச்சேன். உம் பேரு போட்டிருக்கு. எனக்கெதுக்கு?"

எவர்சில்வர் தூக்கு.
திருப்பாதிரிப்புலியூர்க் கடையில் வெட்டியது,
புள்ளி புள்ளியாக, இன்னும் தேயாமல்:

பா. தையல்நாயகி.

ஏ. இல்லை.
எப்போது வெட்டியது, யார் சொல்லி வெட்டியது,
நான் கேட்கவில்லை.
முப்பது வருஷம் அதைத் துலக்கி எடுத்து வைத்தவளும்
சொல்லவில்லை.
"காபி சாப்பிட்டுப் போ" என்றாள்.
சாப்பிட்டேன்.

பெண்ணையாற்றுப் பாலத்தில் நல்ல காற்று.
புதுச்சேரிக்குள் போகிற பைகளை
யாரும் திறந்து பார்ப்பதில்லை.
தூக்கை மடியில் வைத்திருந்தேன்,
முதலெழுத்தின் மேல் உள்ளங்கை.
நாளைக்கு இதில் மாவு ஊற்றி வைக்கலாம்.
ரெண்டும் ஒண்ணுதான் என்று
கையெழுத்துப் போட்டாயிற்று.
மூன்றாவதாக ஒருத்தியைப் பற்றி
அங்கே யாரும் கேட்கவில்லை.