மாதிரி வீடு

மூன்றாவது இடம் இது, கும்பகோணத்துக்குத் தெற்கே.
முதல் இடத்தில் எட்டு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்களாம்.
இரண்டாவதில் நாற்காலிகள் எல்லாம்
டிவியைப் பார்த்தே போட்டிருந்தன.

இங்கே மேனேஜர் பையன்
குளியலறைக் கைப்பிடியில் தொங்கிக் காட்டுகிறான்:
"தொண்ணூறு கிலோ தாங்கும்மா."
கட்டிலருகே சிவப்பு பட்டன்.
அழுத்தினால் நாலு நிமிடத்தில் நர்ஸ்.
அழுத்தினேன்.
ஆறே கால் நிமிடம்.
முப்பத்தோரு வருடம் பி.டி. டீச்சர்,
கை தானாகக் கடிகாரத்தைத் திருப்பிவிடும்.
ஓடி வந்த பெண்ணுக்கு மூச்சு வாங்கியது.
மூக்கால் இழுத்து வாயால் விடு என்றேன்.

"ஷட்டில் கோர்ட் உண்டா தம்பி?"
"கேரம் இருக்கும்மா."

இவரைக் காணோம்.
வெளியே வந்தால், மதிலோரம் குந்தியிருக்கிறார்
பொதுப்பணித்துறை பக்கிரிசாமி,
எழுபத்திரண்டு வயதில்
முட்டியில் கை ஊன்றாமல்.
"இங்க ஒரு கன்னி வாய்க்கால் இருந்துச்சே?"
பையன் வரைபடத்தைப் பிரித்துத் தேடினான்.
அந்த இடத்துக்கு யோகா புல்வெளி என்று பெயர்.
"தண்ணிக்கு ஒங்க பிளான் தெரியாது தம்பி.
ஐப்பசியில கொட்டுச்சுன்னா
பழைய வழியிலதான் வரும்,
படுக்கையறையா இருந்தாலும்."

எழுந்துவிட்டார். அடுத்த இடம் பார்ப்போம் என்று அர்த்தம்.
நான் எழவில்லை.
சாப்பாட்டுக் கூடத்தில் வத்தக்குழம்பு.
யாரோ வைத்த வத்தக்குழம்பு.
அதன் அருமை
தினம் உலை வைக்காதவருக்குப் புரியாது.

பிறகு பணக் கணக்கு.
மாதம் இருவருக்கு இவ்வளவு,
கரண்ட் தனி, துணி தனி.
"ஒருத்தர் மட்டும்னா?"
இருவரும் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டோம்.
பையன் காகிதத்தைப் பார்த்தான்.
முப்பது சதவீதம் குறையும் என்றான்
தொண்டையைச் செருமி.
இவர் என்னைப் பார்க்கவில்லை, நானும்தான்.
மின்விசிறிக்குப் புது எண்ணெய் வாசனை.

திரும்பவும் புல்வெளிக்கு வந்தோம்.
"வாய்க்காலைத் தோண்டிட்டு போன் பண்ணு,
அட்வான்ஸ் தர்றேன்" என்கிறார்,
காலால் கோடு கிழித்தபடி.
அந்தக் கோட்டின் மேல்தான்
நான் நெட் கட்ட நினைத்திருந்தேன்.
சொன்னேன்.
இல்லை, இங்கேதான்.
முடியாது, காற்று அடிக்கும் திசை இது.
பேனாவைத் திறந்தபடி
யார் சொல்வதை எழுதுவதென்று நிற்கிறான் பையன்.

"வாய்க்கா ஓடட்டும்டி.
அந்தாண்ட நீ நில்லு, இந்தாண்ட நான்.
நெட்டு எதுக்கு?"

"தண்ணியில விழுந்தா?"

"யார் பக்கத்துக் கரையோ
அவங்க எடுக்கணும்."

நாலு பத்துக்கு பஸ்.
பையன் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான்.